துண்டில் எழுதிய விலை

ஆலீஸ் வீட்டார் எனக்குத் தரவேண்டியிருந்த காசு பதினாறாயிரத்து நானூற்று முப்பது யூரோ.

ஆலீஸின் தகப்பனிடம் நான் ஆறு வருடத்துக்கு மேல் வேலை செய்தேன். பிரான்சில் பொவே நகரத்துக்கு அப்பால், வயல்களுக்கு நடுவில், அவருக்கு ஓர் ஏலக் கொட்டில் இருந்தது. பதினைந்து நாளைக்கு ஒரு சனிக்கிழமை, சுற்றியுள்ள பண்ணைக்காரர் கன்றுகளையும் செம்மறிகளையும் கொண்டுவருவார்கள். இறைச்சி வியாபாரிகள் வாங்குப் பலகைகளில் இருந்தபடி விலை கேட்பார்கள். விற்ற காசில் நூற்றுக்கு ஆறு கொட்டிலுக்கு. மிருகங்களின் காது வில்லையைப் பார்த்து இலக்கம் சரியா என்று சொல்வது, அடைப்புகளைக் கழுவுவது, ஒவ்வொன்றாக வட்டத்துக்குள் ஓட்டிவிடுவது எல்லாம் என் வேலை. கிழமையில் நாலு நாள் அங்கே, மூன்று நாள் பரிஸ் புறநகரான கார்ஜில் வீட்டில்.

அந்த வேலைக்கு நான் போனது 2009 புரட்டாதியில். அது ஈழத்தில் போர் முடிந்த வருடம். பரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் இருந்தது. மிருகங்களோடு நிற்பது சுகமாகப் பட்டது. அப்படியே நின்றுவிட்டேன்.

கடைசி இரண்டு வருடமும் முதலாளி சம்பளப் பத்திரத்தை முழுசாகத் தந்தார், காசைப் பாதியாகத் தந்தார். மீதியைக் கேட்டால், மாட்டு விலை ஏறட்டும் நிக்கோலா என்பார். என் பெயர் நீக்கிலாஸ். அவர் வாய்க்கு அது நிக்கோலாதான். மாட்டு விலை ஏறவில்லை. 2016 தை மாதம் அவர் போய்ச் சேர்ந்தார்.

ஆலீஸ் நகரத்தில் காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் வேலை செய்பவள். மிருக வாடை ஆகாது. அடக்கம் முடிந்த மூன்றாம் கிழமை என்னைக் கூப்பிட்டு, தகப்பனின் கடதாசிகளை மேசையில் பரப்பி, எனக்கு எவ்வளவு நிலுவை என்று தானே கூட்டிச் சொன்னாள். ஒரு சதம் பிழையில்லை. ஆனால் காசு இல்லை என்றாள். பிறகு, நீயே இதை வாங்கேன் என்றாள். நிலம், கொட்டில், தராசு எல்லாம் சேர்த்துத் தொண்ணூற்றெட்டாயிரம். என் நிலுவையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்தால் போதும்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

சித்திரையில் பத்திரம் எழுதும் நொத்தாரிடம் போய் ஒரு விற்பனை வாக்குறுதி எழுதினோம். ஆனி முப்பதாம் தேதிவரை ஆலீஸ் அதை வேறு ஒருவருக்கும் விற்க முடியாது. அந்தத் தேதிக்குள் நான் வாங்கலாம், விடலாம். பாரமாய் எட்டுப் பக்கம். நான் எழுத்துக் கூட்டப் பழகியதே நாற்பது கடந்து. அதனால் ஒரு கிழமை தவணை கேட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய், வரி வரியாகப் படித்த பிறகுதான் கையெழுத்து வைத்தேன். ஆலீஸ் பொறுத்துக்கொண்டாள். அப்போது வேறு ஒருவரும் அந்த நிலத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

என் மனைவி அற்புதமலர் றுவாசி விமான நிலையத்தில் விமானங்களைத் துப்பரவு செய்பவள். எங்களிடம் இருபத்தோராயிரத்து ஐந்நூற்று எழுபது யூரோ சேமிப்பு இருந்தது. அது கூசேன்வில்லில் வீடு வாங்குவதற்கான முற்பணம். அங்கே வீடு எடுத்தால் அவளுக்கு வேலைக்குப் பஸ்ஸில் பதினைந்து நிமிடம். கார்ஜில் நாங்கள் எட்டாம் மாடி. லிப்ட் மாதத்தில் பாதி நாள் ஓடாது. வீடுகளைப் பார்த்து, அடுப்பும் அலுமாரியும் வைக்க ஒன்றின் குசினியை அளந்தும் வைத்திருந்தாள்.

வங்கி அறுபதாயிரம் தரலாம் என்றது. அறுபதாயிரம், எங்கள் சேமிப்பு, என் நிலுவை மூன்றையும் கூட்டினால் சரியாகத் தொண்ணூற்றெட்டாயிரம். ஆனால் வங்கிக்காரர் ஒரு நிபந்தனை வைத்தார். கன்று வியாபாரம் விழுந்துவிட்டது, பெரிய பண்ணைகள் பெரிய சந்தைகளுக்குப் போய்விட்டன, பின்னே எதை வைத்து மாதக் காசு கட்டப் போகிறாய் என்று கேட்டார். ஆடு என்றேன். அந்தப் பக்கத்தில் ஆட்டுப்பாற் பண்ணைகள் அதிகம். பாலுக்குப் பெட்டை மறிதான் வேண்டும், கிடாயை அவர்கள் பாரமாக நினைப்பார்கள். லாச்சப்பலில் கிடாய்க்குத்தான் ஆள். அவர், ஆனி மாத இரண்டு ஏலங்களையும் நீயே நடத்தி, கணக்குத் தாள்களைக் கொண்டுவா, பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

ஆகையால் எல்லாம் அந்த இரண்டு சனிக்கிழமைகளில் வந்து நின்றது.

குலசேகரம் அண்ணையின் இறைச்சிக்கடை லாச்சப்பலில், பெர்தொனே வீதியில். வைகாசிக் கடைசியில் அங்கே போனேன். கடையில் சனம். அவர் தலையை நிமிர்த்தாமல் எலும்பு வெட்டிக்கொண்டே பேசினார்.

"என்ன நீக்கிலாஸ், சாணி அள்ளின கொட்டிலுக்கு முதலாளியாகப் போறியாம்."

"நீங்கள் வந்தாத்தான் அண்ணை முதலாளி. வராட்டிச் சாணிதான்."

சனம் சிரித்தது. அவரும் சிரித்தார். வருவேன், எதிர்ப்பக்கத்துக் கடைக் குகதாசனையும் கூட்டிக்கொண்டு வருவேன், இன்னும் ஆறு கடைக்காரரைச் சேர்ப்பேன் என்றார். பிறகு என்னைக் குளிர் அறைப் பக்கம் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். எனக்குக் காசு குறைந்தால் அவர் போடுவாராம். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். கிடாய்கள் வந்திறங்கியதும் முதலில் அவர் பொறுக்க வேண்டும், மிச்சம்தான் ஏலத்துக்குப் போக வேண்டும். மிச்சத்தைப் பார்க்க ஆர் அண்ணை பொவே வரைக்கும் வருவினம் என்று கேட்டேன். யோசி என்று தோளில் தட்டினார். கையில் கொழுப்பு. சட்டையில் ஒட்டிக்கொண்டது.

ஆனி நாலாம் தேதி முதல் ஏலம். முப்பத்தெட்டு ஆடுகள் வந்தன. அதில் இருபத்திரண்டு மர்கரீத்தினுடையவை. மர்கரீத் தனியாளாக ஆட்டுப் பண்ணை நடத்துபவள், அறுபது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டாள். அவள் கொண்டுவந்தால்தான் மற்றவர்களும் கொண்டுவருவார்கள். அன்று மலர் இஸ்திரி போட்டுத் தந்த சட்டையோடு நான் மேடையில் ஏறினேன். பக்கத்தில் ஆலீஸ் கணக்கு எழுத. குலசேகரம் அண்ணையோடு சேர்த்து எட்டுப் பேரும் ஒரே வாங்கில் வரிசையாக இருந்தார்கள்.

முதல் கிடாய் உள்ளே வந்தது. நல்ல கிடாய், முப்பத்தைந்து கிலோவுக்குக் குறையாது. நூறு யூரோ பெறும். குலசேகரம் அண்ணை விரலைத் தூக்கி அறுபது என்றார்.

நான் அறுபத்தைந்து கூறினேன். ஒருவரும் அசையவில்லை. குகதாசன் கூரையில் இருந்த மின்குமிழ்களை எண்ணிக்கொண்டிருந்தான். இன்னொருமுறை கூறினேன். வாங்கின் கடைசியில் இருந்தவர் தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"அண்ணை கேட்டிட்டார்தானே. குடுத்துவிடுங்கோவன்."

சுத்தியலைத் தட்டினேன். இரண்டாவது கிடாய்க்குக் குகதாசன் அறுபது கேட்டான். இப்போது குலசேகரம் அண்ணை போனைப் பார்த்தார். மூன்றாவது இன்னொருவருக்கு, அறுபது. நாலாவதும் அப்படியே. எட்டுப் பேரும் முறை வைத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். வான் வண்டியில் வரும்போதே பேசி வைத்துவிட்டார்கள் என்பது ஐந்தாவதில் எனக்கு விளங்கியது. அதில் கள்ளம் இருப்பதாக அவர்கள் நினைத்திருக்கவும் மாட்டார்கள். ஒருவர் கைவைத்த பொருளில் மற்றவர் கைவைப்பது எங்கள் ஆட்களுக்கு மரியாதை இல்லை. மரியாதையும் லாபமும் ஒரே பக்கம் நிற்கும்போது மரியாதைக்கு என்ன குறை.

ஒவ்வொரு தட்டலுக்கும் என் கை கனத்தது. ஏலம் கூறுபவன் தானே விலை கேட்க முடியாது. கெஞ்சவும் முடியாது. ஆலீஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பதினோராவது கிடாய் வெளியே போனதும் மர்கரீத் அடைப்பு வாசலுக்கு வந்து, கதவைச் சாத்தி, தன் மீதி ஆடுகளை ஒவ்வொன்றாக வண்டியில் திரும்ப ஏற்றினாள். அதைப் பார்த்து மற்றவர்களும் ஏற்றினார்கள்.

போகுமுன் என்னிடம் வந்தாள். இது ஏலம் இல்லை, இவர்கள் வரும் வழியிலேயே வாங்கி முடித்துவிட்டார்கள் என்றாள். ஏலத்தில் கூட்டுச் சேர்வது இந்த நாட்டில் குற்றம் என்பது எனக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். பதினெட்டாம் தேதி இன்னொருமுறை வருவேன், ஓர் ஆடு தொண்ணூறுக்குக் கீழே போனாலும் அதுதான் கடைசி, மற்றப் பண்ணைக்காரருக்கும் சொல்லிவிடுவேன் என்றாள். குரலை உயர்த்தவில்லை. அவள் கையெல்லாம் பால் கறந்த வெடிப்பு.

அன்று ஆடுகளில் கொட்டிலுக்குக் கிடைத்தது நாற்பது யூரோவுக்கும் குறைவு. வங்கிக்குக் கொடுக்க வேண்டிய முதல் கணக்குத் தாள் அதுதான்.

குலசேகரம் அண்ணை வானில் ஏறும்போது, நல்ல வியாபாரம் நீக்கிலாஸ், கர்த்தர் உன்னை ஆசீர்வதிக்கட்டும் என்றார். அவர் சைவ சமயத்தவர். எனக்காகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து நடந்ததை மலருக்குச் சொன்னேன். அவள் வேலை உடுப்போடு குசினி வாசலில் நின்று கேட்டாள். சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன், கொட்டில் கைவிட்டுப் போனால் வீடு மிஞ்சும். அவளுக்குக் கோபம் வந்தது.

"மரியாதையோ. குலசேகரம் அண்ணையின்ரை சீட்டிலை அந்த மரியாதை எங்கை போகுது?"

லாச்சப்பலில் இருபது பேர் சேர்ந்த ஒரு சீட்டு அது. மாதம் ஐந்நூறு. குலசேகரம் அண்ணைதான் தாச்சி, அதாவது சீட்டை நடத்துபவர். மலரும் அதில் ஓர் ஆள். ஒவ்வொரு மாதமும் காசு தேவைப்பட்டவர்கள், எவ்வளவு கழிவு விட்டுக்கொடுத்து எடுக்கத் தயார் என்று துண்டில் எழுதி, மடித்து, பிஸ்கட் தகரத்துக்குள் போடுவார்கள். கூடக் கழிவு எழுதியவருக்குச் சீட்டு. போன மாதம் குகதாசனும் குலசேகரம் அண்ணையின் மச்சானும், நீர் எடும், நான் பிறகு எடுக்கிறன் என்று ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டு இருந்தார்களாம். துண்டைத் திறந்தால் ஒருவர் இரண்டாயிரம், மற்றவர் இரண்டாயிரத்து நூறு.

"முகத்துக்கு முன்னாலைதான் மரியாதை. மடிச்ச துண்டுக்குள்ளை ஒருத்தரை ஒருத்தர் வெட்டுவினம்," என்றாள்.

அவள் எனக்கு வழி சொல்வதற்காக அதைச் சொல்லவில்லை. ஆம்பிளைகளைப் பழிப்பதற்காகச் சொன்னாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றதும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"இஞ்சேருங்கோ. நீங்கள் உந்தக் கொட்டிலை வாங்கினா நான் எட்டாம் மாடிதான். அதை நினைச்சுக்கொண்டு செய்யுங்கோ."

துண்டு முறையைப் பற்றி ஆலீஸிடம் சொன்னேன். அவள் நொத்தாரைக் கேட்டாள். விதிமுறையை எல்லாருக்கும் தெரியும்படி ஒட்டிவைத்து, எல்லார் முன்னிலையிலும் திறந்தால் தடையில்லை என்று பதில் வந்தது. பிரெஞ்சிலும் தமிழிலும் நானே எழுதி வாசலில் ஒட்டினேன். மூன்று மூன்று ஆடாக விற்பனை. ஓர் ஆட்டுக்கு என்ன விலை என்று பெயரோடு எழுதி மடித்துப் போட வேண்டும். கூடின விலைக்கு விற்பனை. பிடிக்காவிட்டால் பண்ணைக்காரர் திருப்பி எடுக்கலாம். காசு கட்டாமல் ஆடு வெளியே போகாது. பிழை இருக்குமோ என்று நாலு தரம் வாசித்தேன். அவர்கள் சேர்ந்தேதான் வருவார்கள், சேர்ந்தே எழுதவும் கூடும். எட்டுத் துண்டிலும் ஒரே விலை வந்தால் அதோடு முடிந்தது.

பதினெட்டாம் தேதி. அறுபத்தொரு ஆடு. மர்கரீத் தன் இருபத்து நாலையும் முதலில் விடச் சொன்னாள், நெடுக நிற்க விருப்பமில்லாதவள் போல.

குலசேகரம் அண்ணை வாசலில் நின்று அறிவித்தலை வாசித்தார்.

"இதென்ன, சீட்டோ?"

"ஓம் அண்ணை. உங்கடை முறைதான்."

"எழுதுவம், எழுதுவம். எங்களுக்குள்ளை என்ன ஒளிவு," என்று மற்றவர்களைப் பார்த்தார். எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். அவர்கள் அவ்வளவு லேசாக ஒத்துக்கொண்டது எனக்குப் பயத்தைத் தந்தது.

முதல் மூன்று கிடாய்களும் வட்டத்துக்குள் வந்தன. புது வாளி ஒன்றைக் கொண்டுபோய் நீட்டினேன். எழுதும்போது ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை. அதை நான் கவனித்தேன். மேடைக்கு வந்து, துண்டுகளை ஒவ்வொன்றாக விரித்து, இரண்டு மொழியிலும் உரக்க வாசித்தேன்.

அறுபத்தைந்து. அறுபத்தைந்து. அறுபத்தைந்து.

மர்கரீத் அடைப்புக் கதவில் கையை வைத்தாள்.

நாலாவதும் அறுபத்தைந்து. ஐந்தாவது, ஆறாவதும் அதுதான். வானுக்குள் பேசிய விலை. ஏழாவதை விரித்தேன். குகதாசன், எழுபத்திரண்டு. வாங்கில் ஏழு தலை திரும்பியது. எட்டாவது குலசேகரம் அண்ணையுடையது. எழுபத்தைந்து.

"அறுவத்தஞ்சு எண்டு வானுக்குள்ளை சொன்னது நீங்கள்தானே அண்ணை," என்றான் குகதாசன்.

"எழுவத்திரண்டு எழுதின வாய் அதைக் கேக்குதோ?"

"நான் பகிடிக்கு எழுதினது."

"அப்ப நானும் பகிடிக்குத்தான்."

மற்ற ஆறு பேரும் சிரிக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிய தாங்கள்தான் மடையர் என்பது அவர்களுக்கு அந்த நிமிடம் விளங்கியிருக்க வேண்டும். நான் மர்கரீத்தைக் கேட்டேன். எழுபத்தைந்துக்கு விடமாட்டேன் என்று தலையை அசைத்தாள். மூன்றையும் திருப்பி அடைத்தோம். அவள் வண்டியில் ஏற்றவில்லை, அடைப்பில்தான் விட்டாள். அதுவே எனக்குப் பெரிய காரியமாகப் பட்டது.

இரண்டாவது மூன்று கிடாய்கள். இம்முறை எட்டுப் பேரும் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள். ஒருவர் எழும்பிப்போய்த் தூணுக்குப் பின்னால் நின்று எழுதினார். விரித்தேன். எண்பத்தெட்டு. தொண்ணூற்றாறு. தொண்ணூறு. நூற்றிரண்டு. குலசேகரம் அண்ணை நூற்றெட்டு. முன்னர் அண்ணைக்குக் கொடுக்கச் சொன்ன அந்தக் கடைசி ஆள் நூற்றுப் பதினொன்று.

மர்கரீத் தலையாட்டினாள். சுத்தியலைத் தட்டினேன்.

பிறகு நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. துண்டு வந்துகொண்டே இருந்தது. முதலில் திருப்பி அடைத்த மூன்றையும் கடைசியில் விட்டோம். நூற்று இருபத்து நாலுக்குப் போயின. மதியத்துக்குள் அறுபத்தொரு ஆடும் முடிந்தன. ஆடுகளில் மட்டும் கொட்டிலுக்கு நானூற்றுப் பதின்மூன்று யூரோ. கன்று, செம்மறியோடு சேர்த்து ஆயிரத்தைத் தாண்டியது. கிடாய்கள் கொல்களத்து வண்டியில் ஏறின. திங்கட்கிழமை இறைச்சி லாச்சப்பலுக்கு வந்துவிடும். மர்கரீத் தன் காசோலையை வாங்கி, இலக்கத்தைப் பார்த்து, மடித்து வைத்துவிட்டு, ஆடி இரண்டாம் தேதிக்கு முப்பது கொண்டுவரலாமா என்று கேட்டாள்.

குலசேகரம் அண்ணை கடைசியாகக் காசு கட்ட வந்தார். முகம் இறுகியிருந்தது.

"உன்னை எங்கடை ஆள் எண்டு நினைச்சுத்தான் நீக்கிலாஸ் வந்தனாங்கள்."

"அண்ணை, சீட்டிலை நீங்கள் தாச்சி. தாச்சி ஆருடை ஆள்?"

நோட்டுகளை இரண்டு தரம் எண்ணி வைத்தார். கதவடிக்குப் போய் நின்று, திரும்பாமலே, அடுத்தது எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று கேட்டார். ஒன்பது என்றேன். ஆனால் அன்றிலிருந்து அவர் கடையில் எனக்குத் தேத்தண்ணி தரச் சொல்வதில்லை. மற்றவர்களும் என்னைக் கண்டால் கதையை மாற்றுவார்கள். அது இப்போதும் அப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை வங்கி சம்மதம் சொன்னது. வியாழக்கிழமை ஆலீஸ் போன் எடுத்தாள். பரிஸுக்கு வருகிறேன், பேச வேண்டும் என்றாள். குரல் சரியில்லை.

மறுநாள் பின்னேரம் கார் து நோர் ரயில் நிலையத்தில் அவளைச் சந்தித்து லாச்சப்பலுக்கு நடந்து கூட்டிவந்தேன். மலர் வேலை முடிந்து நேரே வந்திருந்தாள். ஒரு சாப்பாட்டுக் கடையின் பின் மேசையில் மூன்று பேரும் இருந்தோம். ஆலீஸ் தேத்தண்ணியைத் தொடாமல் விஷயத்தைச் சொன்னாள். பொருள்களைச் சேமிக்கும் கிடங்கு கட்டுகிற ஒரு கம்பனி அந்த நிலத்துக்கு ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் தர வந்திருக்கிறது. கொட்டிலை இடித்துவிடுவார்கள். என் கையில் உள்ள வாக்குறுதிதான் குறுக்கே நிற்கிறது. நான் விட்டுக்கொடுத்தால் என் நிலுவையை இரண்டு மடங்காகத் தருவாள். முப்பத்தீராயிரத்து எண்ணூற்று அறுபது, ஒரே காசோலையாக. மாட்டேன் என்றால் அவள் ஒன்றும் செய்ய முடியாது, வியாழக்கிழமை வந்து கையெழுத்து வைப்பாள். தனக்கும் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று சேர்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு மேசையைப் பார்த்தாள்.

நான் மனதுக்குள் கூட்டினேன். எங்கள் சேமிப்போடு சேர்த்தால் ஐம்பத்து நாலாயிரத்து நானூற்று முப்பது. கூசேன்வில் வீடு அப்படியே கண்ணுக்குள் வந்து நின்றது. அளந்து வைத்த குசினியோடு. மலரின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அவளுக்கு முழுவதையும் தமிழில் சொன்னேன். அவள் ஒரு கேள்விதான் கேட்டாள். கம்பனிக்காரர் முதலில் எப்போது வந்தார்கள் என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன். வைகாசிக் கடைசியில் என்றாள் ஆலீஸ், மெதுவாக. அப்படியானால் நான் முதல் ஏலத்துக்குச் சட்டை போட்டுக்கொண்டு மேடை ஏறியபோதே அவளுக்குத் தெரியும். நான் தோற்றால் நல்லது என்று பக்கத்தில் இருந்து கணக்கு எழுதியிருக்கிறாள். நொத்தாரைக் கேட்டு எனக்கு வழி விட்டதும் அவள்தான். இரண்டும் ஒரே ஆள் செய்ததுதான்.

மலர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுப் பேசினாள்.

"முதல் துண்டிலையே ரெண்டு மடங்கு எழுதியிருக்கிறா. அவசரம் உள்ளவைதான் அப்பிடி எழுதுவினம். காசு வேணுமெண்டால் மூண்டு மடங்கு கேளுங்கோ, தருவா. கொட்டில் வேணுமெண்டால் வாயை மூடிக்கொண்டு இருங்கோ. ரெண்டிலை எது எண்டு நீங்கள்தான் சொல்லவேணும். ஆனா எனக்காக எண்டு மட்டும் சொல்லக்கூடாது."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கட்டிப்போட்டது. அவளுக்காக என்று சொல்லிக் காசை வாங்கிக்கொண்டு போகலாம் என்று பாதி மனம் முடிவு செய்திருந்தது. அந்த வாசலை அவள் அடைத்துவிட்டாள்.

எனக்கு அப்போது ஐம்பத்து மூன்று. முழங்கால் இரண்டும் சரியில்லை. மூன்று மடங்கு என்றால் நாற்பத்தொன்பதாயிரத்துக்கு மேல். வீடு வரும். திங்கட்கிழமை நான் லாச்சப்பலில் ஏதாவது சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவ ஆள் வேண்டுமா என்று கேட்டு நிற்பேன். இந்தக் கடையாகவும் இருக்கலாம். குசினிக் கதவால் ஒரு பெடியன் தட்டுகளை அடுக்கிக்கொண்டு போவது தெரிந்தது. அந்த வேலையைக் குறைவாக நினைக்கவில்லை. பன்னிரண்டு வருடம் செய்தவன் நான். ஆனால் பதினெட்டாம் தேதி எட்டாவது துண்டை விரிக்கும்போது என் கை நடுங்கியது. அந்த நடுக்கம் என் சொந்தக் காரியத்துக்கானது. அதற்கு முதல் ஒருநாளும் என் கை என் காரியத்துக்காக நடுங்கியதில்லை. அதை எந்த விலைக்கு விற்பது என்று எனக்குத் தெரியவில்லை. விலை தெரியாத பொருளை விற்கக் கூடாது என்பது கொட்டிலில் படித்தது.

ஆலீஸிடம் வியாழக்கிழமை வருகிறேன் என்றேன்.

அவள் இரண்டரை மடங்கு என்று சொல்ல வாயெடுத்ததை நான் கண்டேன். மலர் அவளைப் பார்த்த பார்வையில் அதை விழுங்கிவிட்டாள். தேத்தண்ணிக்குத் தான் காசு கொடுப்பேன் என்று அடம்பிடித்துக் கொடுத்தாள். வாசலில் நின்று, அப்பா உனக்குச் சம்பளத்தை ஒழுங்காகத் தந்திருந்தால் இன்றைக்கு இது எதுவும் நடந்திருக்காது என்றாள். குற்றமாகச் சொன்னாளோ, மன்னிப்பாகச் சொன்னாளோ, எனக்குப் பிடிபடவில்லை.

ஸ்டேசனுக்கு நடக்கும்போது மலர் எனக்கு இரண்டு அடி முன்னால் போனாள். கார்ஜில் ரயிலால் இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"இனி லிப்ட் ஓடாத நாளிலை அரிசி மூட்டை உங்கடை முதுகிலைதான்."

ஓம் என்றேன்.

ஆனி முப்பது, வியாழக்கிழமை, பத்து மணிக்கு நொத்தார் கந்தோர். கதிரைகள் மெத்தென்று இருந்தன. மலர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். ஆலீஸ் மேலங்கியைக் கழற்றாமலே இருந்தாள். நொத்தார் வேகமாக வாசித்தார், நடுவில் நிறுத்தச் சொல்லி நானே அந்தப் பக்கத்தை வாங்கினேன். விற்பவர் வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டிய சம்பள நிலுவை பதினாறாயிரத்து நானூற்று முப்பது யூரோ விலையில் கழிக்கப்படுகிறது, இதன் பிறகு இந்த நிலுவை பற்றி எவரும் எவரிடமும் எதையும் கேட்க முடியாது என்று அதில் இருந்தது. இரண்டு தரம் வாசித்தேன். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. விளங்கியதா என்று நொத்தார் கேட்டார். விளங்கியது என்றேன்.

நான் கையெழுத்து வைத்தேன். ஆலீஸ் வைத்தாள். நொத்தார் முத்திரை குத்தினார். இரண்டு வருடத்துப் பாதிச் சம்பளம் அந்த மேசையில் தீர்ந்தது. அந்த நிலுவைக்காக ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு ஒரு சதமும் போகவில்லை.